யூரியா பிரஷர் வரவில்லையா? பம்பைக் கழற்றும் முன்

பிஎஸ்-6 லாரி ஒன்று பட்டறைக்குள் வருகிறது. டாஷ்போர்டில் இன்ஜின் லைட்டும், புகையின் நச்சைக் குறைக்கச் சைலன்சரில் தெளிக்கும் யூரியா கரைசலுக்கான லைட்டும் சேர்ந்து எரிகின்றன. மேட்டில் இழுவை இல்லை. ஸ்கேனரை மாட்டினால் யூரியா பிரஷர் குறைவு என்று பிழைக் கோடு (எரர் கோட்). அடுத்த பத்தாவது நிமிடம் டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டு, "யூரியா பம்ப் போயிருச்சுங்க" என்கிறார். முதலாளி விலை கேட்டுத் தலையில் கை வைக்கிறார்.

பம்ப் போயிருக்கலாம்தான். ஆனால் பிரஷர் வராததற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் பம்ப் கடைசியில்தான் வரும். புதுப் பம்பை மாட்டிவிட்டு மூன்றாம் நாளே அதே கோடோடு திரும்பி வரும் வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஒரு கண்ணுக்குத் தெரியாத வலை, அல்லது பச்சை பூத்த ஒரு கனெக்டர் பின். பம்பின் விலையில் இவை எல்லாவற்றையும் பலமுறை மாற்றிவிடலாம்.

டேங்கிலிருந்து பம்ப் யூரியாவை உறிஞ்சுகிறது. ஃபில்டர் வழியாகத் தள்ளி, சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் டோசர் (தெளிப்பான்) வரை லைனில் ஒரே அளவு பிரஷரில் நிறுத்தி வைக்கிறது. கனரக வண்டிகளில் நாம் அதிகம் பார்க்கும் வகையில் இது 9 பார், ஸ்கேனரில் 900 கிலோ பாஸ்கல் என்று காட்டும். 5 பாரில் ஓடும் சிஸ்டமும் உண்டு, அதனால் முதலில் உங்கள் வண்டியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினின் கணினியான ஈசியு உத்தரவிடும்போது மட்டும் டோசர் திறந்து பூவாளி போலத் தெளிக்கும். ரிட்டர்ன் லைன் உள்ள வண்டிகளில் ஒரு சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் யூரியா எப்போதும் டேங்குக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். பம்புக்கு யூரியா வந்து சேர்கிறதா? வந்ததைப் பம்ப் தள்ளுகிறதா? தள்ளியது லைனில் நிற்கிறதா, எங்காவது ஓடிவிடுகிறதா? கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த மூன்றில் எதற்கு 'இல்லை' என்று பதில் வருகிறது எனக் கண்டுபிடிப்பதற்கே.

கோடு சொல்வதும் சொல்லாததும்

பிரஷர் குறைவுக்கான பொதுக் கோடு பி20இ8. எஸ்பிஎன் (எந்தப் பாகம்), எஃப்எம்ஐ (என்ன குறை) என்ற முறையில் காட்டும் ஸ்கேனரில் எஸ்பிஎன் 4334, எஃப்எம்ஐ 18. அதே 4334-உடன் எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால் அது சென்சாரின் வோல்டேஜ் பிரச்சினை. குழாயை விட்டுவிட்டு வயரைப் பிடியுங்கள். எஃப்எம்ஐ 16 வந்தால் பிரஷர் அதிகம், ரிட்டர்ன் அடைப்பு பக்கம் போங்கள். பி20இ8-உடன் பி20இஇ-யும் சேர்ந்து வருவது வழக்கம். யூரியாவைக் கொண்டு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். பார்த்ததும் கேட்டலிஸ்டைக் குறை சொல்லாதீர்கள். பிரஷர் இல்லாமல் யூரியா தெளிக்கவில்லை, தெளிக்காததால் புகையில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) குறையவில்லை, அவ்வளவுதான். பிரஷரைச் சரி செய்தால் பல நேரம் அதுவும் போய்விடும்.

எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. பிஎஸ்-6 பின்பற்றும் யூரோ-6 விதிப்படி, டோசிங் நின்றுபோய் எச்சரிக்கை வந்தபின் 10 மணி நேர இன்ஜின் ஓட்டத்தில் டார்க் (இழுவிசை) 25 சதவீதம் குறையும். 20 மணி நேரம் தாண்டினால் அடுத்த முறை வண்டியை நிறுத்தி எடுக்கும்போது வேகம் 20 கிலோமீட்டரில் கட்டிப்போடப்படும். லோடோடு நான்குவழிச் சாலையில் 20-ல் ஊர்வது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஈசியுவுக்குப் பொய்த் தகவல் கொடுக்கும் எமுலேட்டர் பெட்டியை மாட்டி லைட்டை அணைத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் போக வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். தெளிப்பு நின்றபடி கிடக்கும் டோசர் முனை சைலன்சர் சூட்டில் வெந்து, பின்னால் சரி செய்ய நினைத்தாலும் முடியாமல் போவது மறுபுறம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் திரையைப் பாருங்கள்

ஸ்கேனரில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: யூரியா பிரஷர், பம்ப் டியூட்டி சதவீதம் (பம்பை எவ்வளவு ஓடச் சொல்லி ஈசியு கட்டளையிடுகிறது என்ற அளவு). பிரஷரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

முதலில் சாவி ஆன், இன்ஜின் ஆஃப். பம்ப் ஓடாத இந்த நேரத்தில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேனர் என்றால் 100 கிலோ பாஸ்கல் அளவில் இருக்கும். (ஊட்டியில் நின்று பார்த்தால் 78 அளவில்தான் காட்டும், சென்சார் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.) ஓய்வில் இருக்கும்போதே 250, 300 என்று காட்டினால் ஒன்று சென்சார் பொய் சொல்கிறது, அல்லது முந்தைய நாள் லைன் காலியாகவில்லை.

அடுத்து, இன்ஜினை ஐடிலில் விட்டுப் பிரஷர் ஏறவில்லை என்று பதறாதீர்கள். சைலன்சர் போதுமான சூடேறும் வரை பல வண்டிகளில் பம்ப் லைனை நிரப்பவே ஆரம்பிக்காது. தெளிப்பு தொடங்க ஏறத்தாழ 200 டிகிரி வேண்டும். குளிர்ந்த வண்டியை அரை மணி நேரம் ஐடிலில் விட்டு, 'பம்ப் செத்துப்போச்சு' என்று தீர்ப்பு எழுதப்பட்ட நல்ல பம்புகள் ஏராளம். ஸ்கேனரில் இருக்கும் டோசிங் டெஸ்டைப் போட்டுப் பம்பைக் கட்டாயமாக ஓட வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டெஸ்ட் ஓடும்போது திரை பேசும். நல்ல சிஸ்டத்தில் பம்ப் முதலில் முழு வேகம் எடுத்து, பிரஷர் விறுவிறுவென 9-க்கு ஏறியதும் டியூட்டி இறங்கிவிடும். பொதுவாகப் பாதிக்கும் கீழான டியூட்டியிலேயே 9-ஐப் பிடித்து நிற்கும். உங்களிடம் நன்றாக ஓடும் அதே மாடல் வண்டி ஒன்று இருந்தால் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் புத்தகத்தையும்விடப் பயன்படும்.

டியூட்டி 90-க்கு மேல் நிற்க, பிரஷர் 6 வரை ஏறி, 4-க்கு விழுந்து, திரும்ப 5, 3 என்று தள்ளாடினால் அது காற்று. பம்ப் யூரியாவையும் காற்றையும் மாறி மாறி விழுங்குகிறது. டியூட்டி முழுதாக இருந்தும் பிரஷர் மெதுவாக ஏறி ஒரே இடத்தில், ஆட்டமில்லாமல், 5 அல்லது 6-ல் நின்றுவிட்டால் அடைப்பையோ தேய்ந்த பம்பையோ சந்தேகியுங்கள். 9 வந்து நன்றாக நின்று, டோசர் தெளிக்க ஆரம்பித்ததும் சரிந்தால் ஃபில்டர் பாதி அடைத்திருக்கிறது; சும்மா நிற்கும்போது போதுமான அளவு, கேட்கும்போது போதவில்லை. டியூட்டி கட்டளை போயும் பிரஷர் அசையவே இல்லை, காதை வைத்தால் பம்பில் ஓசையும் இல்லை என்றால் நேராக எலக்ட்ரிக்கலுக்குப் போங்கள். ஓசை இருந்தும் பிரஷர் பூஜ்யமென்றால் ஓட்டத்தின் திசையை மாற்றும் ரிவர்ஸ் வால்வு தவறான பக்கம் சிக்கிக்கொண்டு, பம்ப் டேங்கை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

சொட்டாத லீக்

காற்று என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது வண்டிக்கு அடியில் படுத்து ஈரம் தேடுவது. ஈரம் இருக்காது. உறிஞ்சும் பக்கத்தில் லீக் இருந்தால் யூரியா வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இந்தக் குறை இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

ஆனாலும் ஒரு தடயம் விடும். சாவியை ஆஃப் செய்தபின் பம்ப் திசை மாறி, லைனில் மிச்சமிருக்கும் யூரியாவை அதே உறிஞ்சும் குழாய் வழியாக டேங்குக்குத் திருப்பி அனுப்பும். அந்தச் சில நொடிகள் மட்டும் அந்தக் குழாயில் வெளிநோக்கிய அழுத்தம் இருக்கும். அப்போது கசியும் ஒன்றிரண்டு துளி காய்ந்து, குழாயை இணைக்கும் கப்ளரின் கழுத்தில் உப்புப் படிந்ததுபோல் மெல்லிய வெள்ளை வளையமாக நிற்கும். டார்ச் அடித்து டேங்க் பக்கக் கப்ளரையும் பம்ப் பக்கக் கப்ளரையும் சுற்றிப் பாருங்கள். வண்டியை வாட்டர் வாஷ் அடித்துக் கொண்டுவந்தால் அந்தத் தடயமும் போய்விடும். அதனால் இந்தக் கோடோடு வரும் வண்டியைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உறுதி செய்ய, உறிஞ்சும் லைனில் பம்புக்கு அருகே ஓர் அடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்த்து டெஸ்டை ஓட்டுங்கள். முதல் சில நொடி குமிழி வருவது இயல்பு, காலியாக இருந்த லைன் நிரம்புகிறது. அதன் பிறகும் சோடா பாட்டில்போல் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் காற்று வருகிறது.

எங்கிருந்து என்று பிரிக்கப் பக்கெட் சோதனை போதும். பம்பின் உறிஞ்சும் கப்ளரைக் கழற்றி, சுத்தமான ஒரு ஹோஸை மாட்டி, மறுமுனையைப் புது யூரியா கேனில் விடுங்கள். கேன் டேங்கின் உயரத்திலேயே இருக்கட்டும். இப்போது 9 பார் வந்து நிலையாக நின்றால் பம்ப் நிரபராதி. குறை டேங்கிலோ, அதிலிருந்து வரும் குழாயிலோ இருக்கிறது. வரவில்லை என்றால் குறை பம்பிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. கால் மணி நேர வேலை, பாதி சிஸ்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. பம்பைக் கழற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வோம்.

டேங்க் பக்கம் என்று முடிவானால் அங்கே நான்கு இடம் பாருங்கள். முதலில் மூடியும் வென்ட்டும் (காற்றுத் துளை). சிமென்ட், கிரஷர், செங்கல் சூளை லோடு அடிக்கும் வண்டிகளில் தூசி ஏறி வென்ட் அடைத்து, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே டெஸ்டை ஓட்டுங்கள். பிரஷர் வந்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டாவது, டேங்குக்குள் இறங்கும் ஹெடர் குழாயின் அடியில் இருக்கும் வலை. மூன்றாவது, அந்த உறிஞ்சு குழாயிலேயே விரிசல். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: டேங்க் நிறைய இருக்கும்போது கோடு வராது, கால் டேங்குக்கு இறங்கியதும் வரும். விரிசல் யூரியாவில் மூழ்கியிருக்கும் வரை யாருக்கும் தெரியாது, மட்டம் இறங்கியதும் அது காற்றைக் குடிக்கிறது. டிரைவரிடம் "எப்ப வருது, ஊத்துறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். நான்காவது, டேங்கைச் சூடேற்றும் கூலன்ட் வால்வு இருக்கும் வண்டிகளில் அது திறந்தபடி சிக்கிக்கொள்வது. மைனஸ் 11 டிகிரியில் உறையும் யூரியாவை இளக்க வைத்த ஏற்பாடு அது, லடாக் பக்கம் போனால் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது திறந்தே கிடந்தால் டேங்க் கொதிக்கும், அம்மோனியா நெடி அடிக்கும், ஆவி கலந்து பம்ப் பிடிப்பு இழக்கும். டேங்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியவில்லை என்றால் அந்த வால்வுதான்.

பம்பின் உள்வாய்க் கனெக்டருக்குள் சுண்டு விரல் நகம் அளவில் ஒரு வலை இருக்கும் மாடல்கள் உண்டு. பெரிய ஃபில்டரை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். கப்ளரைக் கழற்றும்போதெல்லாம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

இன்னொன்று. உடைந்த குழாயை ஒட்டுவதற்கு டீசல் லைனுக்குப் போடும் பித்தளை நிப்பிளைப் போட்டு கிளிப் அடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. யூரியா பித்தளையை, செம்பை, துத்தநாகம் பூசிய இரும்பை அரிக்கும். அரித்தது கரைந்து போய் ஃபில்டரிலும் டோசரிலும், கடைசியில் கேட்டலிஸ்டிலும் படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அதற்கான பிளாஸ்டிக் கப்ளர் மட்டும்தான். ஓ-ரிங்கை மாட்டும்போது கிரீஸ், ஆயில் தடவக் கூடாது. அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். கொஞ்சம் யூரியாவையே தொட்டு மாட்டினால் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

கட்-ஆஃப் சுவிட்ச்

டோசர் முனையில் வெள்ளைக் கட்டி, பம்ப் வாயில் படிகம், சிக்கிய ரிவர்ஸ் வால்வு: இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால், வண்டியை நிறுத்தியதும் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சை உடனே போடுகிறாரா என்று டிரைவரிடம் கேளுங்கள். பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அப்பவே கட்-ஆஃப் போடலீன்னா காலைல பேட்டரி எறங்கிருதுங்ணா."

சாவியை ஆஃப் செய்ததும் பம்ப் லைனைக் காலி செய்ய ஆரம்பிக்கிறது. உறிஞ்சும் ஓசை மெல்லக் கேட்கும். ஏறத்தாழ 2 நிமிடத்தில் முடிந்துவிடும், சில மாடல்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். அதற்குள் பேட்டரி கட்-ஆஃப் போட்டால் லைனிலும் டோசரிலும் யூரியா அப்படியே நின்றுவிடும். சூடான சைலன்சர் பக்கத்தில் தண்ணீர் ஆவியாகி யூரியா மட்டும் உப்பாக மிஞ்சும். ஒருநாள் செய்தால் ஒன்றுமில்லை. தினமும் மூன்று முறை, ஆறு மாதம் செய்தால் டோசர் ஊசி மூடாது. அந்த இரண்டு நிமிடத்தில் பேட்டரி இறங்காது. இறங்குகிறது என்றால் பேட்டரிக்கோ ஆல்டர்னேட்டருக்கோ வேறு நோய். டயரைத் தட்டிப் பார்த்து, தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டி வருவதற்குள் 2 நிமிடம் ஓடிவிடும், அதற்குப் பிறகு கட்-ஆஃப் போடச் சொல்லுங்கள். வெல்டிங் வைக்கக் கேபிளைக் கழற்றும் லாரிக்குப் பாடி கட்டுபவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

டேங்கில் என்ன இருக்கிறது?

பம்பைச் சோதிக்கும் முன் டேங்கிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் யூரியாவை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர்போல் தெளிவாக, நிறமில்லாமல் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் நீலச் சாயம் சேர்ப்பதும் உண்டு, இந்தக் கரைசலை ஆட்புளூ என்றும் சொல்வார்கள், அந்தப் பெயருக்காக அது நீலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்புளூ என்பது ஜெர்மன் வாகனத் தொழிலகங்களின் சங்கமான விடிஏ-வின் பதிவுப் பெயர். ஐஎஸ்ஓ 22241 தரம் சொல்வது 32.5 சதவீத யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டால் 32.5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஆனால் ரிஃப்ராக்டோமீட்டர் செறிவைத்தான் பார்க்கும், அழுக்கைப் பார்க்காது. உர யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து 32.5 கொண்டுவந்தாலும் 'சரி' என்றுதான் காட்டும். இந்தியாவில் 2015 முதல் வயலுக்குப் போகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த எண்ணெய் உங்கள் ஃபில்டரில் பிசினாகப் படியும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு டோசர் துளையை அடைக்கும். பக்கெட்டில் பாதி விலைக்கு ஊற்றித் தருகிறார்கள் என்றால் அந்தப் பாதி எங்கே மிச்சமானது என்று யோசியுங்கள். உர யூரியாவை இப்படித் திருப்பி விடுவது 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

டீசல் கலப்பு இன்னும் மோசம். பெட்ரோல் பங்க்கில் நேராக யூரியா அடித்தால் அதன் நாசில் 19 மில்லிமீட்டர், டீசல் நாசில் அதைவிடப் பெரிது, மாறி அடிக்க முடியாது. நாம் பக்கெட்டிலிருந்து புனலில் ஊற்றுகிறோம். டீசலுக்குப் போட்ட புனல், ஆயில் ஊற்றிய கேன், அங்கேதான் ஆரம்பிக்கிறது. டம்ளரை அசைத்து மேலே வானவில் படலம் தெரிகிறதா, மோந்து பார்த்தால் டீசல் வாசம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டேங்கைக் காலி செய்து புது யூரியா ஊற்றித் தப்பிக்க முடியாது. ஓ-ரிங், பம்ப் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), ஃபில்டர் ரப்பர் எல்லாம் ஊறி ஊதியிருக்கும். இன்று ஓடும், ஒரு மாதத்தில் பிரஷர் விழும். யூரியாவுக்கென்றே ஒரு புனல், ஒரு ஹோஸ், வேறு எதற்கும் தொடாமல், மூடிய பையில் வையுங்கள்.

பழைய யூரியாவும் உண்டு. 30 டிகிரிக்குள் வைத்தால் 12 மாதம், 35 டிகிரி என்றால் 6 மாதம்தான் ஆயுள். கேபினுக்குப் பின்னால் வெயிலில் கட்டித் தொங்கவிட்ட கேனுக்கு அவ்வளவும் கிடையாது. ஆஃபர் என்று ஒரு வருடத்துக்கு வாங்கி ஷெட்டில் அடுக்குவது லாபமில்லை.

ஃபில்டர், டோசர், ரிட்டர்ன்

பழைய ஃபில்டரைக் குப்பையில் போடும் முன் வெட்டிப் பாருங்கள். வெள்ளைத் துகள் என்றால் படிகம், லைன் காலியாவதில் குறை. பழுப்புச் சேறு என்றால் தண்ணீரும் தூசியும். கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் டயாஃப்ரமோ ஹோஸின் உள்தோலோ உரிகிறது. பிசுக்கென்றால் எண்ணெய். ஃபில்டருக்குள் கறுப்பாக, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்த் துண்டு வரும் மாடல்களில் அதையும் சேர்த்து மாற்றுங்கள், பழையதையே திரும்பச் செருகாதீர்கள். மூடியைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசையில்) முடுக்குங்கள். பிளாஸ்டிக் மூடி, கைப்பலத்தில் இறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் அந்த மூடிக்காகவே பம்ப் மாற்ற வேண்டிவரும். மாற்றியதும் முதல் முறையிலேயே பிரஷர் வராது. உள்ளே காற்று, இரண்டு மூன்று முறை டெஸ்டை ஓட்டினால் பிடித்துவிடும்.

பக்கெட் சோதனையிலும் பிரஷர் வரவில்லை என்றால் அடுத்து டோசர். சைலன்சர் ஆறியபின் அதைக் கழற்றி, யூரியா லைனும் கனெக்டரும் மாட்டியபடியே ஒரு பாட்டிலுக்குள் முனையை விட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, பம்பை மட்டும் ஓட்டுங்கள். தெளிக்கும் கட்டளை இல்லாதபோது முனை காய்ந்திருக்க வேண்டும். சொட்டினால் ஊசி மூடவில்லை, பிரஷர் அந்த வழியாகத்தான் போகிறது. பிறகு டோசிங் டெஸ்ட் போட்டு அளவுக் குவளையில் பிடியுங்கள். உங்கள் மாடலுக்குரிய மில்லி அளவோடு ஒப்பிடுங்கள், மூன்று முறை எடுத்து மூன்றும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். தெளிப்பு மூடுபனிபோல் விரிய வேண்டும், நூல்போல் ஒரே தாரையாக வந்தால் துளை அடைப்பு.

முனையில் இருப்பது வெள்ளைப் படிகம் என்றால் சூடான டிஸ்டில்டு வாட்டரில் ஊற வைத்தால் கரைந்துவிடும். கார்புரேட்டர் கிளீனர், டீசல், கம்பி, ஊசி எதுவும் வேண்டாம். பழுப்பாக, கல்போல் இருந்தால் அது தண்ணீரில் கரையாது. யூரியா 133 டிகிரியில் உருகி, மேலும் வெந்து, வேறு பொருளாகிவிட்டது. அப்படிப்பட்ட கட்டி குழாய்க்குள் இருந்தால் டோசர் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது, அல்லது டோசருக்கு வரும் கூலன்ட் ஓட்டம் சரியில்லை. கூலன்ட் லைனைப் பார்க்காமல் புது டோசர் மாட்டினால் அதுவும் வேகும். கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது டோசரைச் சூட்டிலிருந்து காக்கும் தடுப்பும்கூட.

ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் அதை டேங்க் பக்கம் கழற்றி ஒரு குவளையில் விடுங்கள். பிரஷர் இருக்கும்போது மெல்லிய, சீரான ஓட்டம் வர வேண்டும். குழாய் திறந்ததுபோல் கொட்டினால் உள்ளே இருக்கும் துளையோ வால்வோ கெட்டது.

கரண்ட்

யூரியாவுக்கு ஒரு கெட்ட குணம்: கனெக்டருக்குள் நுழைந்துவிட்டால் செம்புக் கம்பியின் இழைகளுக்கிடையே திரிபோல் ஊர்ந்து, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த கனெக்டர் வரை போகும். பம்ப் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து மூடுவதில் பயனில்லை, வயரின் தோலைச் சீவிப் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி மாற்ற வேண்டும்.

வோல்டேஜை பம்ப் ஓடும்போது பாருங்கள். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரில் 24 காட்டுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. ஒரு இழை பிழைத்திருந்தாலும் 24 காட்டும். ஓடும்போது பேட்டரி பாசிட்டிவிலிருந்து பம்ப் பின் வரை அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் ஃபியூஸ், ரிலே, வயர் வழியில் தடை. எர்த் பக்கம் 0.2-க்கு மேல் போனால் சேசிஸ் போல்ட்டைக் கழற்றிப் பெயின்டைச் சுரண்டுங்கள். பாடி கட்டிப் பெயின்ட் அடித்த புது வண்டிகளில் இது அதிகம்.

இத்தனையும் தாண்டி, பக்கெட்டிலிருந்து சுத்த யூரியா, சரியான வோல்டேஜ், புது ஃபில்டர், மூடிய டோசர், சீரான ரிட்டர்ன், ஆனாலும் முழு டியூட்டியில் 5 பார் என்றால் பம்பை மாற்றுங்கள். பிரஷர் சென்சார் பம்போடு சேர்ந்தே வரும் மாடல்கள் அதிகம். மாற்றும் முன் டேங்கைக் காலி செய்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கடைசியாகக் கொஞ்சம் யூரியா விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள். சோப்பும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். பழைய பம்பைக் கொன்ற அழுக்கு டேங்கிலேயே இருந்தால் புதியதையும் அது விடாது.

எரர் கோடை அழித்து லைட் அணைந்ததும் வண்டியை அனுப்பிவிடாதீர்கள். லோடோடு ஒரு மேடு ஏற்றி, தெளிக்கும்போதும் 9 நிற்கிறதா என்று ஸ்கேனரை மாட்டியபடியே பாருங்கள். அடுத்த 500 லிட்டர் டீசலுக்கு எத்தனை லிட்டர் யூரியா ஊற்றினார் என்று டிரைவரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டீசலில் 4 முதல் 6 சதவீதம், அதாவது 20 முதல் 30 லிட்டர் போயிருந்தால் சரி. அதில் பாதிதான் போயிருந்தால் டோசர் இன்னும் அடைத்திருக்கிறது, மிகவும் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. திரும்பி வந்ததும் சாவியை ஆஃப் செய்துவிட்டு ஸ்கேனரை உடனே கழற்றாமல், திசை மாறி ஓடும் பம்பின் ஓசை நிற்கும் வரை பிரஷர் எண்ணைப் பாருங்கள். அது ஓய்வு நிலைக்கு இறங்கிவிட்டால் லைன் காலி. பாதியில் நின்றால் ரிவர்ஸ் வால்வுக்கு இன்னும் வேலை இருக்கிறது, வண்டியை அன்று அனுப்ப வேண்டாம்.